புரியாமல் எழுதலாமா?

"புரியவில்லை" என்பது ஒரு விசித்திரமான சொல். இலக்கணப்படி பார்த்தால் அது சொல்கிறவர் தம்மைப் பற்றிக் கொடுக்கும் வாக்குமூலம். 'எனக்குப் புரியவில்லை' என்பதற்குமேல் அதில் ஒன்றுமில்லை. ஆனால் உலக வழக்கில் அது எழுதியவன்மேல் சுமத்தப்படும் குற்றப்பத்திரிகையாகிவிடுகிறது. பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறவர்களுக்கு இந்தச் சொல் நன்றாகப் பழக்கமானது. எழுதத் தொடங்கிய நாளிலிருந்து எனக்கும் அது பழக்கம்தான்.

இந்தக் குற்றச்சாட்டைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி சொல்கிறது: "கலை ஜனங்களுக்காக. ஜனங்களுக்குப் புரியாதது கலையே அல்ல. அது வெறும் மிடுக்கு." இரண்டாவது கட்சி சொல்கிறது: "கலைஞன் தன் மனசாட்சிக்கு மட்டுமே கடமைப்பட்டவன். புரிந்துகொள்வதும் கொள்ளாததும் ஊரார் பாடு." இரண்டுமே சௌகரியமான கட்சிகள். முதலாவதில் இருப்பவன் சிந்திக்க வேண்டியதில்லை. இரண்டாவதில் இருப்பவன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இந்த இரண்டிலும் அடங்காத ஒரு மனிதரைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக ஆசை. அவர் பெயர் ஆர்னல்ட் ஷோன்பெர்க். ஆஸ்திரிய நாட்டு இசை மேதை. இருபதாம் நூற்றாண்டில் 'புரியவில்லை' என்ற சொல்லை அவரளவுக்குக் கேட்ட கலைஞர்கள் சிலரே இருப்பார்கள்.

1874-ம் ஆண்டு செப்டம்பர் 13-ம் தேதி வியன்னா நகரில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தகப்பனாருக்குச் செருப்புக்கடை. பையனுக்குப் பதினைந்து வயதாகும்போது அவர் காலமானார். பையன் ஒரு வங்கியில் சேர்ந்து சில ஆண்டுகள் குமாஸ்தா வேலை பார்த்தான். முறையாக இசைக் கல்லூரியில் படிக்க வசதியில்லை. தவணை தவணையாக வெளிவந்துகொண்டிருந்த ஒரு கலைக்களஞ்சியத்தில் 'ஸொனாட்டா' என்ற இசை வடிவத்தைப் பற்றிய கட்டுரை எப்போது வரும் என்று காத்திருந்து, அது வந்த பிறகுதான் அந்த வடிவத்தில் எழுதத் துணிந்ததாக அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஸெம்லின்ஸ்கி என்ற நண்பர் கொஞ்சம் சொல்லிக்கொடுத்தார். மற்றதெல்லாம் கேள்வி ஞானமும் சொந்தப் பிரயத்தனமும்தான். பிழைப்புக்காகத் தொழிலாளர் பாடற்குழுக்களைப் பயிற்றுவித்தார். பிறர் எழுதிய இலகுவான இசை நாடகங்களுக்கு வாத்தியப் பகுதிகளை ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதிக் கொடுத்தார். அதாவது, ஜனங்களுக்குப் பிடித்தது எது என்று தெரியாதவர் அல்ல அவர். அந்த வித்தை அவர் கைக்குள் இருந்தது.

1899-ல், தமது இருபத்தைந்தாவது வயதில், 'உருமாறிய இரவு' என்ற ஒரு படைப்பை ஆறு தந்தி வாத்தியங்களுக்காக எழுதினார். நான் இசை இலக்கணம் கற்றவன் அல்ல. ஆனால் அதைக் கேட்கும்போது, நிலவில் நடந்து செல்லும் இருவரின் துயரமும் மன்னிப்பும் என் மனசைத் தொடாமல் போவதில்லை. வியன்னாவின் இசைச் சங்கம் ஒன்று அதை அரங்கேற்ற மறுத்தது. காரணம், இலக்கணப் புத்தகங்களில் அனுமதிக்கப்படாத ஒரு ஸ்வரக்கூட்டு அதில் வந்துவிட்டதாம்! இன்றைக்கு உலகமெங்கும் இசை மண்டபங்களில் விரும்பிக் கேட்கப்படும் அந்தப் படைப்பு, அன்று 'இப்படி ஒன்று இருக்க முடியாது' என்று தள்ளப்பட்டது.

1913-ம் வருஷம் நடந்த இரண்டு சம்பவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 23-ம் தேதி அவருடைய 'குர்ரெலீடர்' என்ற மாபெரும் படைப்பு வியன்னாவில் அரங்கேறியது. நூற்றுக்கணக்கான பாடகர்களும் வாத்தியக்காரர்களும் சேர்ந்து நிகழ்த்த வேண்டிய படைப்பு அது. சபை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அவர் மேடைக்கு வந்தார். வாத்தியக்காரர்களைப் பார்த்து வணங்கினார். சபையோருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

ஐந்து வாரங்கள் கழிந்தன. மார்ச் 31-ம் தேதி அதே நகரில் அவரே முன்னின்று ஒரு கச்சேரி நடத்தினார். அவருடைய புதிய பாணிப் படைப்பும், அவருடைய மாணவர்களான வெபர்ன், பெர்க் ஆகியோரின் படைப்புகளும் அதில் இடம்பெற்றன. சபையில் சிரிப்பு, சீழ்க்கை, கூச்சல். கடைசியில் கைகலப்பு. கச்சேரி பாதியில் நின்றது. நிகழ்ச்சி அமைப்பாளர் ஒருவரை அறைந்த வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அன்று மாலை கேட்ட ஒலிகளிலேயே சுருதி சுத்தமாக இருந்தது அந்த அறைதான் என்று சாட்சி சொன்ன ஒருவர் கேலி செய்ததாக ஒரு கதையும் உண்டு.

பிப்ரவரியில் முதுகைக் காட்டியது கர்வமா? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 'குர்ரெலீடரை' அவர் எழுதத் தொடங்கியது 1900-ல். வாத்திய அமைப்பை எழுதி முடிக்க 1911 ஆகிவிட்டது. இதற்கிடையில், 1908-ஐ ஒட்டி, அவர் பழைய சுருதி முறையையே விட்டு வெளியேறிவிட்டார். ஆகவே சபை கை தட்டியது பத்துப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன்பிருந்த ஒரு மனிதருக்கு. எதிரே நின்ற மனிதர் வேறு. அவரை இத்தனை காலம் பரிகசித்தவர்கள் இன்று மெச்சுகிறார்கள். ஐந்து வாரம் கழித்து மறுபடி பரிகசிக்கப்போகிறார்கள். பாராட்டு என்பது சில சமயங்களில் 'இங்கேயே நின்றுவிடு' என்ற கட்டளை. எழுத்தாளர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு கதை பிரசித்தமாகிவிட்டால், அதையே வேறு பெயர்களில் திரும்பத் திரும்ப எழுதும்படிதான் நம்மை அன்போடு கேட்கிறார்கள். அன்போடு கேட்பதால்தான் மறுப்பது கஷ்டமாக இருக்கிறது.

அப்படி அவர் செய்த மாறுதல்தான் என்ன? நம் சங்கீத பாஷையில் ஒரு வழியாகச் சொல்லிப் பார்க்கலாம். ஸட்ஜம் என்ற ஒரு வீடு இருக்கிறது. மற்ற ஸ்வரங்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் வீடு திரும்பும் என்ற நம்பிக்கையில்தான் நாம் நிம்மதியாகக் கேட்கிறோம். மேலைநாட்டு இசையிலும் அப்படி ஒரு வீடு இருந்தது. ஷோன்பெர்க் அந்த வீட்டைத் துறந்தார். பிறகு 1920-களின் தொடக்கத்தில், வீடில்லாத இந்த ஸ்வரங்களுக்கு ஒரு புதிய ஒழுங்கைக் கண்டுபிடித்தார். ஒரு ஸ்தாயியில் உள்ள பன்னிரண்டு ஸ்வரங்களையும் ஒரு வரிசையில் அடுக்குவது. பன்னிரண்டும் வந்து முடியும்வரை எதையும் திரும்பத் தொடாமல் இருப்பது. அந்த வரிசையைப் பின்னிருந்து முன்னாகப் படிக்கலாம்; ஏற்றத்தை இறக்கமாகவும் இறக்கத்தை ஏற்றமாகவும் தலைகீழாக்கலாம்; அதையும் பின்னிருந்து படிக்கலாம். இந்த நான்கையும் பன்னிரண்டு ஸ்தானங்களிலிருந்து தொடங்கினால் மொத்தம் 48 உருவங்கள். எந்த ஸ்வரமும் ராஜா அல்ல, எந்த ஸ்வரமும் அடிமை அல்ல.

"இது கணக்கு, இசை அல்ல" என்றார்கள். இன்றும் சொல்கிறார்கள். அவர் இசையில் சில பகுதிகளைக் கேட்கும்போது எனக்கும் அப்படித் தோன்றுவதுண்டு. ஆனால் தாளம் கூடக் கணக்குதான், வெண்பாவும் கணக்குதான். கணக்கு இருப்பதால் ஒன்று கலை அல்லாமல் போய்விடாது. கணக்குக்குள்ளே மனிதன் இருக்கிறானா என்பதுதான் கேள்வி.

இதுவரை சொன்னதைக் கேட்ட வாசகர், ஷோன்பெர்க்கை இரண்டாவது கட்சியில் சேர்த்துவிடுவார்: ஊரைப் பற்றிக் கவலைப்படாத ஏகாங்கி. ஆனால் அவருடைய வாழ்க்கையின் மறு பாதி அவரை அந்தக் கட்சியில் இருக்க விடுவதில்லை. அவர் ஓர் ஆசிரியர். ஏறக்குறைய ஐம்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவர்.

அவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதில்தான் ஆச்சரியம் இருக்கிறது. பழைய வீட்டை விட்டு வெளியேறிய அந்த மனிதர், மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அந்தப் பழைய வீட்டின் ஒவ்வொரு செங்கல்லையும் பற்றித்தான். பாக், மோஸார்ட், பீத்தோவன், பிராம்ஸ். 1911-ல் அவர் வெளியிட்ட 'ஸ்வரக்கூட்டு இலக்கணம்' என்ற பெரிய நூல் பழைய முறையைத்தான் அடியிலிருந்து விளக்குகிறது. அதன் தொடக்கத்திலேயே, அந்த நூலுக்காகத் தம் மாணவர்களுக்குத் தாம் பட்ட கடனை ஒப்புக்கொள்கிறார். தமது பன்னிரு ஸ்வர முறையை ஒரு மதமாக அவர் வகுப்பில் போதிக்கவில்லை. யாராவது வற்புறுத்திக் கேட்டாலும், முதலில் பழையதில் கை தேறட்டும் என்பதே அவர் போக்கு.

1904-ல் ஆல்பன் பெர்க் என்ற இளைஞன் அவரிடம் வந்தான். பணம் கொடுக்க வசதியில்லை. முதலில் சம்பளம் வாங்காமலே சொல்லிக்கொடுத்தார். அதே வருஷம் வந்தவர்தான் ஆன்டன் வெபர்ன். முப்பது வருஷங்கள் கழித்து, அமெரிக்காவில், ஜான் கேஜ் என்ற மற்றோர் ஏழை இளைஞன் வந்தான். வாழ்நாள் முழுவதையும் இசைக்கே கொடுப்பாயா என்று கேட்டுவிட்டு, அவனுக்கும் இலவசமாகவே சொல்லிக்கொடுத்தார். பெர்க் எழுதிய 'வோட்ஸெக்' என்ற இசை நாடகம், 1925-ல் பெர்லினில் அரங்கேறியது. ஓர் ஏழைச் சிப்பாயின் அவலத்தைப் பேசிக் கேட்டவர்களைக் கலங்க வைத்தது. வெபர்ன் இரண்டு மூன்று நிமிஷங்களில் முடிந்துவிடும் துளித்துளியான படைப்புகளை எழுதினார். கேஜோ, நாலரை நிமிஷத்துக்கும் மேலாக வாத்தியக்காரன் ஒன்றுமே வாசிக்காமல் இருக்கும் ஒரு படைப்பை 1952-ல் தந்தார்! ஒரே ஆசிரியர்; மூன்று மாணவர்கள்; மூன்று திசைகள். ஆசிரியரைப் போலவே வாசிக்கும் மாணவர் கூட்டம், ஆசிரியரின் கர்வத்துக்குச் சாட்சி. ஆசிரியரைப் போல் இல்லாத மாணவன்தான் அவருடைய தர்மத்துக்குச் சாட்சி.

அவர் சாந்தமூர்த்தி என்று நான் சொல்ல வரவில்லை. மகா கண்டிப்பு. பெர்க்கிடம் அவர் வாங்கிய வேலை கொஞ்சநஞ்சமல்ல. அட்டவணை தயாரிப்பது, பிரதிகளைச் சரிபார்ப்பது, பணம் திரட்டுவது என்று வருஷக்கணக்கில் அந்த மாணவர் உழைத்திருக்கிறார். தவிர, தமது புதிய முறையால் ஜெர்மானிய இசையின் மேலாண்மை இன்னும் நூறு வருஷத்துக்கு உறுதியாகிவிட்டது என்று ஒரு மாணவரிடம் பெருமிதத்தோடு சொன்னாராம். இதில் ஒரு கொடூரமான முரண் இருக்கிறது. 1921-ம் வருஷக் கோடையில் ஸால்ஸ்பர்க் அருகே மாட்ஸே என்ற ஏரிக்கரை ஊரில் அவர் குடும்பத்தோடு தங்கியிருந்தபோது, 'யூதர்கள் இங்கே இருக்கக்கூடாது' என்ற நெருக்கடி எழுந்து, ஊரைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. எந்த ஜாதியின் பெருமைக்காக இவர் உழைத்தாரோ, அந்த ஜாதி இவரைத் தன் ஆளாக எண்ணவில்லை. 1933-ல் அது முழுமையாயிற்று. பெர்லின் கலைக்கழகத்தில் வகித்த பதவி போயிற்று. இளமையில் கிறிஸ்தவராகியிருந்த அவர், பாரிஸ் நகரில் மீண்டும் யூத சமயத்தைத் தழுவிவிட்டு, அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்.

முதல் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1938-ல் நாஜிகள் டுஸெல்டார்ஃப் நகரில் 'சீரழிந்த இசை' என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். ஷோன்பெர்க்கின் இசையும் அதில் அவமதிக்கப்பட்டது. 1948-ல் ஸோவியத் அரசு, ஜனங்களுக்கு அந்நியமான இசையை எழுதுவதாக ஷாஸ்டகோவிச், புரோகோஃபியெவ் போன்ற தன் நாட்டு மேதைகளையே கண்டித்தது. ஒரு வாசகர் 'புரியவில்லை' என்று சொன்னால் அது அபிப்பிராயம். ஓர் அரசாங்கம் சொன்னால் அது கைது வாரண்ட். 'ஜனங்களுக்குப் புரிய வேண்டும்' என்ற நல்ல வாசகம் எத்தனை சுலபமாகத் தடியாக மாறிவிடுகிறது!

இரண்டாவது கட்சிக்காரர்களுக்கும் சொல்ல ஒன்று உண்டு. 1918-ல் ஷோன்பெர்க் வியன்னாவில் ஒரு சங்கம் தொடங்கினார். புதிய இசையை உறுப்பினர்களுக்கு மட்டும் வாசித்துக் காட்டும் சங்கம். கை தட்டக்கூடாது, சீழ்க்கையும் அடிக்கக்கூடாது, பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை, இன்று என்ன வாசிக்கப்போகிறார்கள் என்பதைக்கூட முன்னதாக அறிவிப்பதில்லை. இது கதவை மூடிக்கொள்வதாகத் தோன்றும். ஆனால் உள்ளே நடந்தது என்ன? ஒவ்வொரு படைப்பையும் தெளிவாக வரும்வரை ஒத்திகை பார்த்தார்கள். ஒரே படைப்பைப் பல தடவை வாசித்துக் காட்டினார்கள். முதல் இரண்டு வருஷங்கள் தம்முடைய படைப்பு எதையும் வாசிக்க அவர் அனுமதிக்கவில்லை. மற்றவர்களுடையதைத்தான் வாசிக்கச் செய்தார். ஜனங்களுக்குப் புரிய வேண்டாம் என்று நினைக்கிறவன் இவ்வளவு பாடுபடுவானா? புரிவதற்கு வேண்டிய அமைதியை உண்டாக்கத்தான் அவர் கதவை மூடினார்.

முதுமையில் அவர் ஒரு கடிதத்தில் தம் ஆசையைத் தெரிவித்திருக்கிறார். தம்மைச் சைக்காவ்ஸ்கியைப் போன்ற ஒருவராக, அதிலும் கொஞ்சம் மேலானவராக ஜனங்கள் கருத வேண்டும். தம் மெட்டுகளை அவர்கள் தெரிந்துகொண்டு சீழ்க்கையடித்துப் பாட வேண்டும் என்று! இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. வீட்டைத் துறந்து வெளியேறிய மனிதர் கடைசியில் ஆசைப்பட்டது, தெருவில் போகிற ஒருவன் தம் மெட்டை முணுமுணுக்க வேண்டும் என்பதற்குத்தான். அந்த ஆசை நிறைவேறவில்லை. அவர் இறந்து முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, இன்னும் நிறைவேறவில்லை.

ஆசை இருந்தும் விட்டுக்கொடுத்தாரா? ஹாலிவுட்டில் 'நல்ல பூமி' நாவலைப் படமாக எடுத்தபோது அவரை இசையமைக்க அழைத்தார்கள். 50,000 டாலரும், நடிகர்கள் பேசும் வசனத்தின் ஏற்ற இறக்கம் உள்பட ஒலி அனைத்தின் மேலும் முழு அதிகாரமும் வேண்டும் என்றார். பேச்சு அத்துடன் முறிந்தது. 1944-ல் எழுபது வயதானதும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் விதிப்படி ஓய்வு கொடுத்தது. எட்டு வருஷ உத்தியோகத்துக்குரிய சொற்ப ஓய்வூதியம். வீட்டில் சிறு குழந்தைகள். அடுத்த வருஷம், பாதியில் நின்ற படைப்புகளை முடிக்க ஓர் அறநிதியிடம் உதவி கேட்டார். மறுத்துவிட்டார்கள்.

பாதியில் நின்ற அந்தப் படைப்புகளில் ஒன்றுதான் 'மோசேயும் ஆரோனும்' என்ற இசை நாடகம். நான் சொல்ல வந்த விஷயம் முழுவதும் அதில் இருக்கிறது. விவிலியத்தில் வரும் சகோதரர்கள் கதை. மோசேக்கு உண்மை தெரியும், பேச்சு வராது. ஆரோனுக்குப் பேச்சு வரும். ஆனால் பேசப் பேச உண்மை நிறம் மாறும். மோசே மலைமேல் இருக்கும்போது, ஜனங்களின் பொறுமையின்மைக்கு இணங்கி ஆரோன் பொன் கன்றுக்குட்டியைச் செய்து கொடுக்கிறான். ஷோன்பெர்க் ஆரோனுக்கு இனிமையான பாட்டைக் கொடுத்தார். மோசேக்கு ஏறக்குறைய வெறும் பேச்சுதான். அவனால் பாட முடியாது. 1932-க்குள் இரண்டு அங்கங்களுக்கு இசை எழுதினார். வார்த்தை கிடைக்காமல் மோசே தவிப்பதோடு இரண்டாவது அங்கம் முடிகிறது. மூன்றாவது அங்கத்தில் மோசே வெல்ல வேண்டும். வசனம் எழுதிவிட்டார், இசை வரவில்லை. 1951-ல் இறக்கும்வரை, பத்தொன்பது வருஷம், வரவில்லை.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. மோசேயின் வெற்றிக்கு இசை அமைக்க முடியாததற்குக் காரணம், அப்படி ஒரு வெற்றி உண்மையில் இல்லை என்பதுதான். ஆரோன் இல்லாத மோசே ஊமை. மோசே இல்லாத ஆரோன் பொன் கன்றுக்குட்டி வியாபாரி. கதை எழுதிப் பிழைக்கிற நான் பெரும்பாலும் ஆரோன் வம்சம்தான். அதில் எனக்கு வெட்கமில்லை. வாசகர் கையைப் பிடித்து அழைத்துப் போவது என் தொழில். ஆனால் எங்கே அழைத்துப் போகிறேன் என்று கேட்க ஒரு மோசே மலைமேல் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

இனி, வாசகரின் கடமை. 1947-ல் ஷோன்பெர்க் 'வார்ஸாவிலிருந்து தப்பியவன்' என்ற படைப்பை எழுதினார். ஏழு நிமிஷம்தான். நாஜிகள் யூதர்களை அடித்து, விஷவாயுக் கூடத்துக்கு அனுப்ப எண்ணும்போது, திடீரென்று அவர்கள் எல்லோரும் சேர்ந்து தம் பழைய பிரார்த்தனையைப் பாடத் தொடங்கிவிடுகிறார்கள். முழுவதும் அந்தப் 'புரியாத' பன்னிரு ஸ்வர முறை. 1948 நவம்பர் 4-ம் தேதி அது முதன்முதலாக அரங்கேறியது வியன்னாவிலோ பாரிஸிலோ அல்ல. அமெரிக்காவின் பாலைவனப் பிரதேசத்தில், ஆல்புகர்க்கி என்ற ஊரில். வாசித்தவர்களும் பாடியவர்களும் இசையைத் தொழிலாகக் கொள்ளாத உள்ளூர் மக்கள். முடிந்ததும் சபையில் சத்தமே இல்லை. படைப்பை அப்படியே மறுபடி முழுவதும் வாசித்தார்கள். அதற்குப் பிறகுதான் கரகோஷம் எழுந்தது.

அந்த மக்களுக்கு 48 உருவங்களும் தெரியாது. ஆனால் அங்கே சொல்லப்பட்டது வேறு எந்த இனிமையான மெட்டிலும் சொல்ல முடியாதது என்பது தெரிந்தது. விஷவாயுக் கூடத்தைப் பற்றி இனிமையாகப் பாடினால் அது பொய்.

கலைஞனின் கடமை இதிலிருந்து எனக்குத் தெளிவாகிறது. எளிதாகச் சொல்லக்கூடியதைக் கடினமாகச் சொல்வது பாசாங்கு. கடினமாகத்தான் சொல்ல முடியும் என்பதை எளிதாக்கிச் சொல்வது மோசம். எது எது என்று தீர்மானிக்க எழுதுகிறவனுக்கு மனசாட்சியைத் தவிர வேறு தராசு இல்லை. அவன் பொய் சொன்னால் காலம் கண்டுபிடித்துவிடும்.

கேட்கிறவரின் கடமை அதைவிடச் சின்னது. குஸ்தவ் மாஹ்லர் என்ற பெரியவருக்கே ஷோன்பெர்க்கின் புதிய படைப்புகள் முழுவதும் பிடிபடவில்லை. என்றாலும் சபையில் பரிகசித்தவர்களோடு அவர் சண்டைக்குப் போனார். எல்லோரும் சண்டைக்குப் போக வேண்டாம். மறுபடி ஒரு தடவை கேட்டால் போதும். மறுபடி ஒரு தடவை படித்தால் போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக ஒதுக்கிவிடலாம். 'புரியவில்லை' என்பதைத் தீர்ப்பாக எழுதிவிடாமல் ஒரு வாய்தாவாக வைத்துக்கொள்வோம்.